டயட்டீஷியன் ஆவது எப்படி: கல்லூரி வாசல் முதல் பதிவு எண் வரை

டயட்டீஷியன் படிப்பில் சேர யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வேதியியல் பிடிக்குமா?" என்பதுதான். பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். சமைக்கப் பிடிக்கும், உடற்பயிற்சியில் ஆர்வம் உண்டு, சொந்தமாக எடையைக் குறைத்த அனுபவம் இருக்கிறது என்று காரணங்கள் வரும். எதுவும் தவறில்லை. ஆனால் முதலாண்டு வகுப்பில் சமையல் குறிப்பு எதுவும் வராது. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட குளுக்கோஸ் வரும். அது பத்துப் படிகளில் எப்படி உடைகிறது என்று எழுதிக் காட்டச் சொல்வார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே குளுக்கோஸ் ஒரு நோயாளியின் படுக்கையருகே உங்களைச் சோதிக்கும். அந்த வகுப்பறைக்கும் இந்தப் படுக்கைக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன, எந்த வரிசையில் அவற்றைக் கடப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பட்டம் வேறு, பதிவு வேறு. இந்த ஒரு வரி புரியாமல் மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவழித்துவிட்டுக் கையைப் பிசைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம். "பதிவு பெற்ற டயட்டீஷியன்" என்ற தகுதியைக் கொடுப்பது ஒரு தொழில் அமைப்பு அல்லது சட்டப்படி அமைந்த மன்றம். அந்த அமைப்பு உங்கள் படிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை.

பெயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஊட்டச்சத்து நிபுணர்" என்று பலகை மாட்டிக்கொள்வதைப் பல நாடுகளில் எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. இரண்டு வார இணைய வகுப்பை முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார். "டயட்டீஷியன்" அப்படியல்ல. பிரிட்டனில் அது சட்டப் பாதுகாப்புள்ள பெயர், எச்.சி.பி.சி. என்ற மன்றத்தில் பதிவு இல்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். ஆகவே "ஊட்டச்சத்து அறிவியல்" என்று மட்டும் பெயருள்ள பட்டமும் "ஊட்டச்சத்தும் உணவியலும்" என்ற பட்டமும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது பல இடங்களில் பதிவுக்கு வழிவிடாது.

எனவே கல்லூரிகளின் விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன், எந்த நாட்டில் வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதை உத்தேசமாகவாவது தீர்மானியுங்கள். அங்கே பதிவு தரும் அமைப்பு எது, அது எந்தப் படிப்புகளை அங்கீகரித்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் கல்லூரியைத் தேடுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் சில உதாரணங்கள். அமெரிக்காவில் பதிவுத் தேர்வை நடத்துவது சி.டி.ஆர். என்ற ஆணையம். 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தேர்வு எழுதுவதற்கே முதுநிலைப் பட்டம் வேண்டும். அதற்கு முன் இளநிலை போதுமானதாக இருந்தது. பட்டத்தோடு, மேற்பார்வையின் கீழ் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் தனித் தேசியத் தேர்வு கிடையாது, எச்.சி.பி.சி. அங்கீகரித்த பட்டத்தை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்தவர் நேராகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழிலைச் சட்ட மன்றம் கட்டுப்படுத்துவதில்லை; டயட்டீஷியன்ஸ் ஆஸ்திரேலியா என்ற தொழில் அமைப்பு தரும் ஏ.பி.டி. தகுதியைத்தான் வேலை தருகிறவர்கள் கேட்கிறார்கள். கனடாவில் பதிவு மாகாணவாரியானது. இந்தியாவில் 1963இல் தொடங்கப்பட்ட இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வை நடத்துகிறது, 2021இல் நிறைவேறிய துணைமருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மூத்த மாணவர் சொன்னதை நம்பி முடிவெடுக்காமல், சேருகிற ஆண்டில் அந்தந்த அமைப்பின் அறிவிப்பை நீங்களே படித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: உங்களை நீங்களே எடை போடுங்கள்

பள்ளியில் வேதியியலும் உயிரியலும் படித்திருப்பது பெரும்பாலான இடங்களில் கட்டாயம். கணிதம் பயமில்லாத அளவுக்கு இருந்தால் போதும்; விகிதமும் சதவீதமும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தன் உடலோடும் தட்டோடும் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தப் படிப்பைத் தேடி வருவது உண்டு. கலோரி எண்ணுவது ஏற்கெனவே உங்கள் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்றால், நான்கு ஆண்டுகள் அதையே பாடமாகப் படிப்பது புண்ணைச் சொறிவது போலத்தான். இந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு நல்ல மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசிவிட்டு வாருங்கள் என்கிறேன். அப்படிப் பேசிவிட்டு வந்த சிலர் மிக நல்ல டயட்டீஷியன்களாக ஆகியிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: கல்லூரியிடம் கேள்வி கேளுங்கள்

சேர்க்கை நாளன்று கல்லூரிதான் உங்களைக் கேள்வி கேட்கும் என்று நினைக்காதீர்கள். நீங்களும் கேட்க வேண்டும். கட்டடத்தையும் விடுதியையும் பார்த்து மயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- இந்தப் படிப்புக்கு எந்தப் பதிவு அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது? அது எந்த ஆண்டு வரை செல்லும்?
- மருத்துவமனைப் பயிற்சியைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, மாணவர்தான் அலைந்து தேடிக்கொள்ள வேண்டுமா?
- பயிற்சி தரும் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரகப் பிரிவு, குழந்தைகள் பிரிவு மூன்றும் இருக்கின்றனவா?
- கற்பிக்கிறவர்களில் எத்தனை பேர் வார்டில் வேலை பார்த்த டயட்டீஷியன்கள்?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. பயிற்சி இடங்கள் எப்போதும் மாணவர் எண்ணிக்கையைவிடக் குறைவு. பாடங்களையெல்லாம் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் ஓராண்டு வீட்டில் காத்திருப்பது இந்தத் துறையில் அபூர்வமல்ல. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: உயிர்வேதியியலில் நீந்துதல்

முதல் இரண்டு ஆண்டுகளில் உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல், புள்ளியியல் வரும். மாணவர்கள் அதிகம் திணறுவது உயிர்வேதியியலில். குளுக்கோஸை உடைத்து உடல் ஆற்றல் எடுக்கும் பாதைகளான கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி என்று அம்புக்குறிகளை மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் கொட்டிவிட்டு, மறுநாளே மறந்துவிடுகிறார்கள். இதனால் என்ன நஷ்டம் என்று ஒரே ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். உடல் மெலிந்துவிட்டது. உடனே நிறையச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றுதான் எந்த மனதுக்கும் தோன்றும். அப்படிக் கொடுத்தால் அவர் இறந்துபோகலாம். பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பை எரித்துக் காலம் தள்ளுகிறது. இன்சுலின் அடங்கிக் கிடக்கிறது. திடீரென மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் சீறி எழுகிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்த குளுக்கோஸின் மீது முதல் படியிலேயே ஒரு பாஸ்பேட் ஒட்டப்பட வேண்டும், அதிலிருந்து செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செய்வதற்கும் பாஸ்பேட் வேண்டும். ஏற்கெனவே காலியான கிடங்கிலிருந்து இருந்த கொஞ்சத்தையும் செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே உள்ளே போய்விடுகின்றன. இரத்தத்தில் மூன்றும் சரிகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட் கிரெப்ஸ் சுழற்சிக்குள் போவதற்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 வேண்டும். அதுவும் கையிருப்பில் இல்லை என்றால் மூளை பாதிக்கப்படுகிறது.

ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். இரண்டாம் உலகப் போரின் முடிவில், முகாம்களிலிருந்து மீட்கப்பட்டு உணவு கொடுக்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். அதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இந்த ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் தொடங்கக் கூடாது என்றும், உணவு தொடங்குவதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும் என்றும் வழிகாட்டுகிறது. முதலாண்டில் நீங்கள் சலிப்போடு வரைந்த அம்புக்குறியின் முதல் படிதான் அந்த 10 கிலோகலோரிக்குக் காரணம். இப்படி ஒவ்வொரு சுழற்சிக்கும் "இது தடைபட்டால் எந்த நோயாளி என் முன்னால் வருவார்?" என்று கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டே படித்தால், மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

நுண்ணுயிரியல் பற்றி ஒரு வரி: 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் ஆபத்து வெப்பநிலை என்பதை மறக்காதீர்கள். புள்ளியியலைப் பற்றி இன்னொரு வரி: அது இல்லாமல் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது; வாரத்துக்கு ஒன்று வீதம் கிளம்புகிற உணவுப் புரளிகளுக்குப் பதில் சொல்லவும் முடியாது.

ஐந்தாம் படி: எண்களைக் கையில் எடுப்பது

மூன்றாம் ஆண்டு வாக்கில் மருத்துவ ஊட்டச்சத்துச் சிகிச்சை என்ற பாடம் தொடங்கும். இங்கேதான் மாணவர்கள் கால்குலேட்டரும் கையுமாகத் திரிவார்கள். ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.

நோயாளி 60 வயதுப் பெண்மணி. எடை 50 கிலோ, உயரம் 155 செ.மீ. மூன்று மாதங்களுக்கு முன் 57 கிலோ இருந்தார். உடல் நிறை எண் என்ன? 50ஐ 1.55இன் இருமடியால் வகுத்தால் 20.8. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை, எடைக் குறைவுக்கு எல்லையான 18.5க்கு மேல் இருக்கிறது. இதோடு நிறுத்திவிடுகிறவர் தவறவிடுவது எதை என்றால், அந்த 7 கிலோவை. 57 கிலோவில் 7 கிலோ என்பது 12 சதவீதத்துக்கும் மேல். ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறியப் பயன்படும் மஸ்ட் என்ற சல்லடையில், மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகவே 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலே 2 புள்ளி. 2 புள்ளி என்றாலே அதிக ஆபத்து. "ஒல்லியாக இல்லையே" என்று எல்லோரும் கடந்து போகிற நோயாளி இவர்.

அடுத்தது, இவருக்கு எவ்வளவு தேவை? 1990இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, பெண்களுக்கு எடையைப் பத்தால் பெருக்க வேண்டும், உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் 161ஐக் கழிக்க வேண்டும். 500, அதோடு 968.75, கழித்தல் 300, கழித்தல் 161. விடை ஏறக்குறைய 1,008 கிலோகலோரி. படுத்தபடி ஓய்வில் இருந்தாலும் உடலுக்குத் தேவையானது இது. நடமாட்டத்துக்கும் நோய்க்கும் சேர்த்து 1.3ஆல் பெருக்கினால் 1,310. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 60 கிராம். புரதத்தின் ஒவ்வொரு கிராமும் 4 கிலோகலோரி தரும் என்பதால், 240 கிலோகலோரி புரதத்திலிருந்தே வந்துவிடும். மீதியை மாவுச்சத்துக்கும் கொழுப்புக்கும் பங்கிடலாம். மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9.

கணக்கு முடிந்ததும் அதை ஊட்டச்சத்துப் பராமரிப்பு முறையில் எழுத வேண்டும். மதிப்பீடு, கண்டறிதல், தலையீடு, தொடர் கண்காணிப்பு என்று நான்கு கட்டங்கள். கண்டறிதலை ஒரே வாக்கியத்தில் மூன்று பகுதிகளாக எழுதுவது மரபு: என்ன பிரச்சினை, எதனால், என்ன சான்று. இந்தப் பெண்மணிக்கு ஒரு மாணவர் இப்படி எழுதலாம்: "போதிய அளவு சாப்பிடாமை, காரணம் பசியின்மை, சான்று, மூன்று மாதங்களில் 12 சதவீத எடை இழப்பு." ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுப்பார். எனக்கும் கொடுத்திருப்பார், ஏனென்றால் இது நான் பயிற்சியில் இருந்தபோது எழுதியது. அதில் இருந்த பிழையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

இதே பாடத்தில், நேற்றுச் சொன்ன ஆலோசனையை இன்று தலைகீழாக மாற்றவும் கற்றுக்கொள்வீர்கள். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும் நோயாளிக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவோம். அவருக்கே டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்போம்; ஏனென்றால் டயாலிசிஸில் புரதக் கூறுகள் வெளியேறிவிடுகின்றன. "போன மாதம் வேண்டாம் என்றீர்கள், இந்த மாதம் சாப்பிடு என்கிறீர்களே?" என்று அவர் கேட்பார். காரணத்தை அவருக்கு விளங்கும்படி இரண்டு வாக்கியங்களில் சொல்லத் தெரியவில்லை என்றால், நீங்கள் இன்னும் அந்தப் பாடத்தைப் படித்து முடிக்கவில்லை.

ஆறாம் படி: பெரிய சமையற்கூடம்

மாணவர்கள் அலட்சியப்படுத்துகிற பாடம் உணவுச் சேவை மேலாண்மை. "நான் வார்டுக்குப் போக வந்தேன், அடுப்படிக்கு அல்ல" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். மருத்துவமனைச் சமையற்கூடத்தை அறியாத டயட்டீஷியன் எழுதும் உணவுத் திட்டம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இங்கே கற்பது கணக்கும் ஒழுங்கும். தோல் சீவிய உருளைக்கிழங்கு 40 கிலோ வேண்டும். சீவியபின் 80 சதவீதம்தான் தேறும் என்றால் 50 கிலோ வாங்க வேண்டும். 40இல் 80 சதவீதம் என்று தலைகீழாகப் போட்டு 32 கிலோ வாங்கிவிட்டால், கடைசி வார்டுக்குச் சாப்பாடு போகாது. 300 தட்டுகளில் எந்தத் தட்டு உப்புக் குறைத்தது, எது ஒவ்வாமைக்காகத் தனியாகச் சமைத்தது என்று குழம்பாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதையும் இங்கேதான் கற்கிறீர்கள்.

விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளுக்கான உணவை நீங்களே செய்து பழகுங்கள். இதற்கென உலகெங்கும் பயன்படுகிற இட்சி என்ற அளவுமுறை, பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. பானத்தின் கெட்டித்தன்மையைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, நுனியில் வைத்த விரலை எடுத்து, 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 4 முதல் 8 மி.லி. வரை மிஞ்சினால் அது இரண்டாம் நிலை. முதல் தடவை எல்லோருக்கும் விரல் நழுவி மேசையெல்லாம் பாழாகும். ஐந்தாவது தடவையில் கைவந்துவிடும். அந்தப் பத்து விநாடிக்குள் எவ்வளவு வழிகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒருவரின் தண்ணீர் இரைப்பைக்குப் போகிறதா நுரையீரலுக்குப் போகிறதா என்பது அமையலாம்.

ஏழாம் படி: வார்டு

மருத்துவமனைப் பயிற்சி சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை இருக்கும். காலையில் நோயாளிகளின் பட்டியல் வரும். முன்னுரிமை கொடுப்பதுதான் முதல் வேலை: குழாய் வழி உணவு பெறுகிறவர், புதிதாகச் சேர்ந்தவர், எடை இறங்கிக்கொண்டே வருகிறவர். ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்பையும் படித்துவிட்டுத்தான் படுக்கையருகே போக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம், பாஸ்பேட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து ஊட்டச்சத்துக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள். உடலில் அழற்சி இருந்தாலே அது சரியும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இருந்தும் பழைய பழக்கம் பல இடங்களில் இன்னும் விடவில்லை.

அந்தப் பெண்மணியிடம் வருகிறேன். 1,310 கிலோகலோரி, 60 கிராம் புரதம் என்று அழகாகத் திட்டம் எழுதி ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் எடை பார்த்தால் இன்னும் அரைக் கிலோ இறங்கியிருந்தது. பசியைத் தூண்ட என்ன செய்யலாம் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த என்னிடம், எனக்குப் பொறுப்பாயிருந்த மூத்த டயட்டீஷியன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். சூப்பைக் குடித்தார். ரொட்டியைப் பிய்த்து அதில் நனைத்து, நடுப்பகுதியை மட்டும் சப்பினார். கோழித் துண்டை முட்கரண்டியால் இரண்டு தடவை புரட்டிவிட்டு ஓரமாக ஒதுக்கினார். ஏன் என்று கேட்டதும் கூச்சத்தோடு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். காகிதக் கைக்குட்டையில் சுற்றிய பல்செட். உடல் மெலிந்ததில் அது ஈறில் பொருந்தாமல் ஆடுகிறது, கடித்தால் புண்ணாகிறது, எல்லோர் முன்னாலும் கழன்று விழுமோ என்று பயம். பசி நன்றாகவே இருந்தது. என் வாக்கியத்தின் நடுப்பகுதியில் "பசியின்மை" என்று இருந்த இடத்தில் "மெல்ல இயலாமை" என்று இருந்திருக்க வேண்டும். காரணம் மாறியதும் திட்டமே மாறிவிட்டது. அதே 60 கிராம் புரதம் மசித்த இறைச்சி, மென்மையான முட்டை, தயிர், பால் என்று வேறு உருவில் போனது. பல் மருத்துவருக்கும் குறிப்பு போனது. சூத்திரத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

பயிற்சியில் இருக்கிறவர்களுக்கு நான் வைக்கும் விதி இதிலிருந்து வந்தது: திட்டம் எழுதிய ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வேளையாவது சாப்பிடும்போது பாருங்கள். திரும்பி வரும் தட்டையும் பாருங்கள். எது தொடப்படாமல் வருகிறது என்பதைச் சொல்வதற்கு நோயாளியைவிடத் தட்டுக்குக் கூச்சம் குறைவு.

எட்டாம் படி: கேட்கக் கற்பது

ஆலோசனைத் திறன் என்று ஒரு பாடம் இருக்கும். எளிதான பாடம் என்று நினைத்து எல்லோரும் தூங்குவார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவதில் தொடங்கிப் பாருங்கள், அதன் கஷ்டம் தெரியும். "காலை உணவுக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், காலை உணவே சாப்பிடாதவர் வெட்கப்பட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார். "எழுந்ததும் முதலில் வாயில் போட்டது என்ன?" என்று கேட்டால் உண்மை வரும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்காமல் பல சுற்றுகளாகக் கேட்பது நல்ல முறை. முதல் சுற்றில் நினைவில் வந்ததைத் தடுக்காமல் சொல்லவிடுங்கள். அடுத்து, மறந்துபோகிறவற்றை நினைவூட்டுங்கள்: பானங்கள், கொறிப்பவை, மேலே தூவியவை. பிறகு எந்த நேரம், எங்கே என்று கேளுங்கள். அதன் பிறகே அளவும் சமைத்த விதமும். கடைசியில் "வேறு ஏதாவது?" என்று கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தில்தான் இரவு பதினொரு மணி ஐஸ்கிரீம் வெளியே வரும். வந்ததும் புருவத்தை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் அடுத்த தடவை அது வராது.

ஒன்பதாம் படி: பதிவுத் தேர்வு

தேர்வு உள்ள நாடுகளில், படிப்பும் பயிற்சியும் முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பாடம் வேகமாக ஆவியாகிவிடுகிறது.

அமெரிக்கத் தேர்வை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணினியில் 125 முதல் 145 கேள்விகள் வரை வரும். நீங்கள் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும்; தாண்டிப் போகவோ திரும்பி வந்து விடையை மாற்றவோ முடியாது. 50க்கு 25 என்ற அளவில் தேர்ச்சி. ஏறக்குறைய பாதிக் கேள்விகள் நோயாளி பராமரிப்பிலிருந்து; மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மேலாண்மையும் உணவுச் சேவையும். அடுப்படி வேண்டாம் என்று முகம் சுளித்தவர்கள் வந்து மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்த நாட்டுத் தேர்வாக இருந்தாலும் தயாரிப்பில் ஒரு முறையைப் பரிந்துரைப்பேன். தவறாக எழுதிய ஒவ்வொரு மாதிரிக் கேள்விக்கும், சரியான விடையோடு மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். "முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விகளில் நான்கு விடைகளுமே சரியான செயல்களாக இருக்கும், வரிசைதான் சோதனை. மதிப்பிடாமல் தலையிடக் கூடாது என்பதை நினைவில் வைத்தால் பாதிக் கேள்விகள் அவிழ்ந்துவிடும். நானும் பல்செட் பாடத்தை அப்படித்தான் இரண்டாம் தடவை படித்தேன்.

பத்தாம் படி: பதிவுக்குப் பின், ஆவணங்கள்

பதிவு கிடைத்ததும் படிப்பு முடிவதில்லை. அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு 75 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முதல் வேலையை முடிந்தால் பொது மருத்துவமனையில் தேடுங்கள். சம்பளம் சுமாராக இருக்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் சிறுநீரக நோயாளியையும் தீக்காயம் பட்டவரையும் குறைப்பிரசவக் குழந்தையையும் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. விளையாட்டு வீரர்களுக்கான ஊட்டச்சத்து, தனி ஆலோசனை மையம், உணவுத் தொழிற்சாலை எல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் போனாலும் காத்திருக்கும்.

கடைசியாக, யாரும் நேரத்தோடு சொல்லித் தராத ஒரு வேலை. படித்த ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் அந்தந்த ஆண்டிலேயே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மதிப்பெண் சான்றிதழில் வெறும் பெயர்தான் இருக்கும்; நாளைக்கு வேறு நாட்டில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்புகள் என்று கேட்பார்கள். பயிற்சி நேரத்தை எந்த வார்டில், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று தினமும் எழுதி, வாரக் கடைசியில் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மொத்தமாக வாங்கலாம் என்று விட்டுவிட்டால் பொறுப்பாளர் மாற்றலாகிப் போயிருப்பார், பாடத்திட்டம் திருத்தப்பட்டிருக்கும், உங்களை நினைவு வைத்திருக்கும் அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார். இரண்டு பிரதிகள், ஒன்று காகிதத்தில், ஒன்று கணினியில்.